அலுமாரிக்குள் பன்னிரண்டு டெப்

அதிபர் அவர்களே, நம் தொழிற்கல்லூரிக்கு மின்னியல் படிக்க வந்தவர்களின் இரண்டு வருடத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவர் நீங்கள்தான்.

இதை உங்கள் அறைக்கு வந்தும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னீர்கள். சாத்திவிட்டுச் சொன்னேன். தேநீர் தந்தீர்கள், கதையை மாற்றினீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு டெப் வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொப்பி அளவில், தொடுதிரையோடு, ஒவ்வொன்றும் புதுப்பெட்டிக்குள். கொண்டுவந்தவர்கள் ரிபன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், பெட்டிசும் ரோல்சும் சாப்பிட்டார்கள், போனார்கள். அடுத்த நாள் டெப்கள் பெட்டிக்குள்ளும், பெட்டிகள் அலுமாரிக்குள்ளும், சாவி உங்கள் மேசை லாச்சிக்குள்ளும் போயின.

காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கப் பொருள் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டவர், அது உடைந்தால் விசாரணைக்குப் போகவேண்டும். வருட முடிவில் பொருளைப் பார்க்க வருகிறவர்கள் அது இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். யாருக்காவது பயன்பட்டதா என்று கேட்பதில்லை. ஆகவே ஒன்றையும் தொடாதவன் நல்ல உத்தியோகத்தன். நானும் அப்படித்தான் இருந்தேன். என் பொறுப்பில் ஒரு புரொஜெக்டர் இருந்தது. தூசி படாமல் பழைய படுக்கை விரிப்பால் சுற்றி, மூன்று வருடம் காப்பாற்றினேன். ஒரு நாளும் சுவரில் படம் விழவில்லை. அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டேன்.

மேலிடத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வந்த அன்று டெப்களை வெளியே எடுத்தீர்கள். மேசைக்கு ஒன்று. "ஒருத்தரும் ஓன் பண்ணப்படாது. பாத்துக்கொண்டு மட்டும் இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பிள்ளைகள் கறுப்புத் திரையை முக்கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தலைகீழாகப் பிடித்திருந்தான். "நேராப் புடிடா" என்றேன். "எது சேர் நேர்?" என்று கேட்டான். வந்தவர்கள் திருப்தியோடு போனார்கள்.

என் பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். மின்னழுத்தம், மின்னோட்டம், தடை. இந்த மூன்றுக்கும் உள்ள தொடர்பு விளங்காதவன் வயரில் கைவைக்கக் கூடாது. நான் அதைப் பழைய கொப்பியிலிருந்து வாசிப்பேன், அவர்கள் எழுதுவார்கள். முதல் பாடவேளை முழுக்க அதுதான். வருடா வருடம் பாதிப்பேர் அதே கேள்வியில் விழுந்தார்கள். பிள்ளைகள் மொக்கு என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்தத் தொகுதியில் ஒரு பெண் சேர்ந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். பாலாவிப் பக்கத்து உப்பளத்தில் வேலை. வெயில் ஏறுமுன் உப்பு வாரி முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, உடுப்பு மாற்றி, பஸ் ஏறி வந்து சேரும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும். வகுப்பில் எல்லாரையும்விட மூத்தவர் என்பதால் மற்றவர்கள் அவரை, சொந்த மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல, தாத்தா என்றே கூப்பிடுவார்கள்.

எதற்கு இந்த வயதில் வயரிங் என்று முதல் நாளே கேட்டேன். நாகரிகமில்லாத கேள்விதான்.

"எங்கட பக்கம் ஆம்புளையள் கடலுக்குப் போனா வீட்டுல பொம்புளையள் மட்டுந்தான் சேர். பிளக் எரிஞ்சாலும் வெளி ஆம்புளய உள்ளுக்கு எடுக்க மாட்டாங்க. மூணு நாள் ஃபேன் இல்லாமக் கெடப்பாங்க. நான் போனா கதவு தொறக்கும்."

அவர் சொன்னது சரி. ஆனால் சான்றிதழ் இல்லாமல் அந்த வேலைக்குப் போக முடியாது. சோதனை எழுதாமல் சான்றிதழ் இல்லை. வரவு போதாவிட்டால் சோதனைக்கு விடமாட்டீர்கள். முதல் பாடவேளையிலோ, அவர் பெயருக்கு நேரே சிவப்புக் கோடுதான் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் மேசைக்கு வந்தார்.

"சேர், காலையில நீங்க சொல்றத போன்ல பதிஞ்சு அனுப்ப ஏலாதா?"

"நான் என்ன ரேடியோவா?" என்றேன்.

"ரேடியோவத் திருப்பிக் கேக்க ஏலாது சேர். ஒங்களக் கேக்கலாம்."

வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, முற்றத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, கொப்பியை அப்படியே வாசித்துப் பதிந்தேன். இருபத்தைந்து நிமிடம். பின்னால் காகம் கத்தியது, மனைவி தேங்காய் கேட்டார். வகுப்புக் குழுவில் போட்டுவிட்டேன்.

அன்று வகுப்பில் "எப்படி?" என்று நான் கேட்டபோது எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். அவர்தான் சொன்னார். "காகம் சொன்னது வெளங்கிச்சு சேர்."

அன்று வீட்டுக்குப் போய் அதை நானே கேட்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. என் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வருடக் கணக்காகப் பிள்ளைகளுக்கு இதைத்தானா கொடுத்தேன்?

பிறகு மாற்றினேன். நாலு நிமிடத்துக்கு மேல் பதிவதில்லை. ஒரு பதிவில் ஒரே விஷயம். முடிவில் ஒரு கேள்வி. அடுத்த நாள் வகுப்புத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பேச்சில் பதில் பதிந்து அனுப்பவேண்டும். கொப்பிப் பாஷை கூடாது. வாசித்து ஒப்புவிக்கிற குரல் இரண்டு சொல்லிலேயே பிடிபட்டுவிடும். அதைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தடை என்றால் என்ன என்று கேட்டிருந்த நாளில், அவரிடமிருந்து குரலுக்குப் பதிலாக ஒரு வீடியோ வந்தது. உப்பளத்து வாய்க்கால். பக்கத்தில் பெரிய பாத்தி.

"சேர், இந்தா, இந்தப் பாத்தியில தண்ணி ஒசரம். அங்கால பாத்தி பள்ளம். இந்த ஒசர வித்தியாசந்தான் நீங்க சொல்ற அழுத்தம். நடுவுல இந்தப் பலக. இப்ப ரெண்டு விரல் தூக்குறன். பாருங்க, கொஞ்சமாத்தான் போகுது. இப்ப நல்லாத் தூக்குறன். எப்படிப் போகுது! ஒசரம் அதே ஒசரம். பலகதான் தடை. ஓடுற தண்ணிதான் ஓட்டம்."

அப்போது பின்னால் இன்னொரு பெண்ணின் குரல்: "அடியே, யாருக்குத் தண்ணியப் படம் புடிக்கிற?"

"எங்கட சேருக்கு."

"ஏன், அவரு தண்ணி கண்டதில்லையா?"

வகுப்பில் அதை மூன்று தடவை போட்டோம். படுக்கை விரிப்பை உருவிவிட்டு, அந்தப் புரொஜெக்டரில்தான் போட்டேன். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வரும் ஒருவன், வெங்காயத் தோட்டக்காரர் மகன், விடவில்லை.

"தாத்தா, பலகய முழுசாத் தொறந்தும் வாய்க்கால் பாசி புடிச்சிருந்தா?"

"அப்பவும் தடை கூடும். ஒன்ட தலைக்குள்ள புடிச்சிருக்கிற மாதிரி."

"அப்ப நீளமான வயர்ல தடை கூடுறதும் வாய்க்கால் நீளமாப் போற மாதிரித்தானா?"

நான் பத்துப் பக்கம் எழுதவைத்தும் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மொக்கு யார் என்பதும் விளங்கியது.

அதற்குப் பிறகு முதல் பாடவேளையில் எழுத்து வேலை இல்லை. பாடத்தைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். வந்ததும் பலகையில் சுவிட்ச், ஹோல்டர், வயர் என்று பூட்டுகிறார்கள், கழற்றுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். சில பேரின் போனில் வீடியோ ஓடாது. ஆலங்குடாவிலிருந்து வருகிற இரண்டு பேருக்குச் சொந்தப் போனே இல்லை. அதனால்தான் டெப்பைக் கேட்டு உங்களிடம் வந்தேன்.

"கையெழுத்துப் போட்டா நீங்கதான் பொறுப்பு. யோசிச்சுப் போடுங்க சேர்" என்றீர்கள்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, ஓலைக் கொட்டிலில் மணலில் குந்திப் படித்தவன் நான். அந்தப் பள்ளியில் பூட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கதவே இல்லை. வந்து படிப்பித்தவர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் எங்களிடம் தந்தார்கள். நான் யோசிக்காமல் போட்டேன்.

பெட்டியைத் திறந்தால் பன்னிரண்டும் செத்துக் கிடந்தன. இரண்டு நாள் சார்ஜில் வைத்து ஒன்பது உயிர்த்தன. மூன்றின் பற்றரி உப்பி முதுகு பிளந்திருந்தது. தொடாமல் வைத்ததால் கெட்டவை அவை. அடுத்த கிழமை எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் தந்தீர்கள். மூன்று டெப் என் பொறுப்பில் எப்படிப் பழுதாயின என்று. என் கையெழுத்துக்கு வயது ஒரு கிழமை. பூட்டுக்கு வயது இரண்டு வருடம். இதையே விளக்கமாக எழுதித் தந்தேன். இன்னும் பதில் இல்லை.

மிச்ச ஒன்பதும் இப்போது வீடு வீடாகப் போய் வருகின்றன. ஒரு கொப்பியில் பிள்ளைகளே பெயர் எழுதி எடுக்கிறார்கள், எழுதித் திருப்பி வைக்கிறார்கள். ஒன்று விழுந்து கண்ணாடி வெடித்தது. போட்டவனே நண்பனின் போன் கடையில் இருந்து புதுக் கண்ணாடி மாற்றிக் கொண்டுவந்தான். விசாரணை தேவைப்படவில்லை. தையல் படிப்பிக்கிற மிஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய், சட்டைக் கழுத்து வெட்டுவதைப் பதிந்துகொண்டிருக்கிறார். "காகம் இல்லாத இடமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் மாதிரிச் சோதனை வைத்தேன். வழக்கமாகப் பாதிப்பேர் விழும் அந்தக் கேள்வியில் இரண்டே பேர்தான் விழுந்தார்கள். மிகத் திறமாக எழுதியவர் உப்பளத்துப் பெண்.

அவர் பெயரைத்தான் சோதனைப் பட்டியலில் நீங்கள் இன்னும் சேர்க்கவில்லை. வரவு போதாதாம். முதல் பாடவேளைப் பாடங்கள் எல்லாவற்றையும் அவர் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பியிருக்கிறார். ஒரு பதிலும் தவறவில்லை. நாள், நேரத்தோடு எல்லாம் என் போனில் இருக்கின்றன. அதை வரவாகப் போடுங்கள் என்றேன். சுற்றறிக்கையில் இல்லை என்றீர்கள். கொரோனாக் காலத்தில் கல்லூரி பூட்டிக் கிடக்க, வீட்டிலிருந்து போனில் பாடம் கேட்டவர்களுக்கு வரவு போட்டவர் நீங்கள். அதைச் சொன்னேன். "அது வேற காலம் சேர்" என்றீர்கள். உப்பு வாரிவிட்டு வருகிறவருக்கு எந்தக் காலம் என்று கேட்டேன். அப்போதுதான் தேநீர் வந்தது.

வகுப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு உங்களுக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்களே எழுதினார்கள். முதல் கையெழுத்து, பாசி பிடித்த தலைக்காரனுடையது. "தாத்தா இல்லாட்டி எங்களுக்குத் தடை வெளங்கியிருக்காது" என்று எழுதியிருக்கிறான். அவர் மட்டும் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. இன்று காலையும் பதில் அனுப்பியிருந்தார், பின்னால் காற்று இரைச்சலோடு. பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாடத்துக்கு மட்டும் பதில்.

பட்டியல் திங்கட்கிழமை போகிறது. அன்று காலைக் கூட்டத்துக்கு முழுக் கல்லூரியும் மண்டபத்தில் இருக்கும், பெற்றோரும் வருவார்கள், ஒலிவாங்கி உங்கள் கையில் இருக்கும். அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால், கேட்டுப் படித்துப் பதிலும் சொன்னவர் எப்படி வராதவர் ஆனார்? எல்லார் முன்னாலும், கதவைச் சாத்தாமல், நீங்கள் சொல்லவேண்டும்.