மூட்டைக்குள் கை விடாத வியாபாரி

இந்த ஊரில் பார்சல்காரர் கதவைத் தட்டிவிட்டு, பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார். யாரும் அதைத் தொடுவதில்லை. அயர்லாந்துக்கு வந்து நாலு வருடமாகியும், ஜன்னலில் நின்று அந்தப் பெட்டிக்குக் காவல் இருப்பதை நான் விடவில்லை. முகம் தெரியாதவரிடம் வாங்கி, முகம் தெரியாதவருக்கு விற்று, இவர்கள் எப்படித்தான் நிம்மதியாக இருக்கிறார்களோ!

கண்ணில் புரை விழுந்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும், என் தையல் மெஷினை விற்றுவிடச் சொன்னேன். மகள் ஸ்டெல்லா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். போனுக்குள்ளேயே ஒரு சந்தை இருக்கிறது. அதில் மெஷினைப் படம் பிடித்துப் போட்டாள். பத்து நிமிடத்தில் ஒருவன் கேட்டுவிட்டான்.

"சொன்ன வெலைக்கே எடுத்துக்கறாராம்மா. எடுத்துட்டுப் போக ஆளு அனுப்பறாராம். பணம் போட நம்ம பேங்க் கார்டு நம்பரெல்லாம் கேக்கறாரு."

"மெஷின் ஓடுதான்னு கேட்டாரா?"

"இல்ல."

"எத்தனை வருசம் ஓட்டுனதுன்னு?"

"அதெல்லாம் கேக்கலம்மா. நல்ல மனுசன் போல. பேரு, போட்டோ எல்லாம் இருக்குது பாரு."

பையிலிருந்து கார்டை எடுத்துவிட்டாள். அந்த நல்ல மனுசனை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளில் நாங்கள் கம்பைநல்லூர்ப் பக்கம் இருந்தோம். வீட்டுக்காரர் இறந்தபின் எனக்கு மிச்சம் இருந்தது ஒரு மகளும் பன்னிரண்டு புளியமரமும். ஸ்டெல்லாவை நர்சிங் பள்ளியில் சேர்க்க அந்த வருடத்துப் புளியைத்தான் நம்பியிருந்தேன். புளி வாங்க வருகிறவர் யாரானாலும் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிசைந்து, கொஞ்சம் வாயிலும் போட்டு, கொட்டை இருக்குது, ஈரம் இருக்குது என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவார். எனக்கு அது பெரிய அவமானமாகப் படும். "ஏன், அடியில மண்ணைப் போட்டா கட்டியிருக்கறேன்?" என்று சண்டைக்குப் போவேன்.

அந்த வருடம் லாரியோடு புதிதாக ஒருவர் வந்தார். மூட்டைக்குள் கையை விடவே இல்லை.

"உங்க மொகத்தப் பாத்தாலே போதுங்க ஆத்தா. மூட்டைய எதுக்குங்க பாக்கறது?"

நான் குளிர்ந்துபோனேன். கேட்ட விலைக்கு மேலேயே தருவதாகச் சொன்னார். ஒரே மாதிரி இரண்டு சீட்டு வைத்திருந்தார். ஒன்றில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, சீல் குத்திய மற்றதை என்னிடம் கொடுத்தார். அதைக் காட்டித் தொப்பூர் லாரி ஆபீசில் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அப்போது என் பேரை மட்டும்தான் எழுதத் தெரியும். பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்ல என் வீம்பு விடவில்லை. மறுநாள் தொப்பூரில் இறங்கினால், அப்படி ஒரு ஆபீசே இல்லை. டீக்கடைக்காரர்தான் சீட்டைப் படித்துச் சொன்னார்: "பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்னு போட்டிருக்குதுங்களே!"

ஸ்டெல்லா அந்த வருடம் நர்சிங்கில் சேரவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. வீட்டில் சும்மா இருந்த அந்த ஒரு வருடத்தில், அதே சீட்டை வைத்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் முதலில் படித்த வார்த்தை 'பெற்றுக்கொண்டேன்'.

"கண்ணு, கார்டை உள்ள வையி. மூட்டைக்குள்ள கை விடாதவன் வாங்க வந்தவன் இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். கார்டு பைக்குள் போனது. 'நேரில் வந்து ஓட்டிப் பார்த்து, பணத்தைக் கையில் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினாள். பதிலே வரவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தப் பேரும் போட்டோவும் போனிலிருந்து காணாமல் போயின. இங்கே வந்திருக்கிற நம் பிள்ளைகளே, சரக்கைக் குறை சொல்கிறவனுக்குப் பயப்படாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயிலுக்குப் போய் வந்தபின், உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். கோட்டுப் பையில் ஸ்க்ரூ டிரைவர், ஒரு துண்டு முரட்டுக் கம்பளித் துணி. மெஷினைக் கவிழ்த்தார், அடிமூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். ஸ்டெல்லாவுக்கு முகம் சுருங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். பின்னோக்கித் தைக்கும்போது அது தையலை விடும். அதைக் காட்ட அவர் கையைப் பிடித்து பின்தையல் விசைமேல் வைத்து, "இங்க தையல் தவறும், பாத்துக்கங்க" என்றேன். அவர் "சாரி, சாரி" என்று கையை இழுத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா சிரித்தாள். "ஒனக்கு விக்க மனசில்லையான்னு கேக்கறாரும்மா."

"அட, நல்லா நோண்டிப் பாருங்கன்னு சொல்லு!"

அவர் உட்கார்ந்தார். மெல்லிய துணி வேண்டும் என்று விரலால் காட்டினார். என் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். தன் கம்பளியையும் அதையும் சேர்த்து முன்னே ஒரு தையல், பின்னே ஒரு தையல் ஓட்டினார். நான் சொன்னபடி இரண்டு இடத்தில் தவறியது. அதற்குப் பத்து யூரோ குறைக்கச் சொன்னார். நான் ஐந்தில் நின்றேன். ஐந்துக்கே ஒத்துக்கொண்டு, பணத்தை என் கையில் எண்ணி வைத்துவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஓட்டிப் பார்த்த துணி மேசையில் கிடக்கிறது. ஒரு பாதி இந்த ஊர் ஆட்டின் கம்பளி, மறு பாதி கம்பைநல்லூரில் நான் கட்டிய நூல் சேலை. இழுத்துப் பார்த்தேன், தவறிய இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரிகிறது, ஆனால் பிரியவில்லை. எறிய மனம் வரவில்லை. எந்தப் பக்கம் மேலே வரும்படி மடித்து வைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.