பொமாத்து என்ன பிராண்ட்?

இன்று காலை எங்கள் ஃபேன்சி ஸ்டோருக்கு லாஸ்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாளை நிச்சயதார்த்தம். உதடு வெடித்து, சிரித்தாலே எரிகிறதாம்.

கடையிலேயே விலை கூடிய லிப் மாஸ்க்கை எடுத்துக் காட்டினேன். அவள் பார்வையோ கல்லாவில் இருந்த என் மனைவி மேல் போனது.

“அக்கா, உங்க உதடு மட்டும் எப்படிக்கா இவ்ளோ வழவழன்னு இருக்கு?”

“பொமாத்து தாம்மா.”

மனைவியின் பிறந்த வீட்டில் எந்தக் களிம்புக்கும் அந்தப் பிரெஞ்சுப் பெயர்தான். அது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

“பேரக் கேட்டாலே ஃப்ரெஞ்ச் மாதிரி இருக்கே, ஃபாரின் பிராண்டாண்ணா? எவ்ளோ ஆனாலும் பரவால்ல, குடுங்க!”

ஆமாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி கைப்பையைத் திறந்துவிட்டாள். உள்ளே இருந்தது, காயத்துக்கும் வெடிப்புக்கும் மருந்துக் கடையில் விற்கும் சாதாரணக் களிம்பு.

“உதடு, நகத்தோரம், குதிகால், எல்லாத்துக்கும் இதான் போடறேன்.”

“காலுக்குப் போடறதையா உதட்டுக்கு?”

“காலுக்குத் தனி டியூப்பு வச்சிக்கடி. ரெண்டு வாங்கினாலும் உங்கண்ணன் காட்டுற டப்பாவுல பாதி வெல வராது.”

பெண் நேராக மருந்துக் கடைக்குப் போய்விட்டாள்.

மதியம் உதட்டில் களிம்பு பளபளக்க, அம்மாவோடு திரும்பி வந்தாள். வளையல், கம்மல், ஜடை பில்லை என்று நல்ல வியாபாரம். ஆனால் நான் எதை எடுத்துக் காட்டினாலும் கல்லாப் பக்கம் திரும்பி, “அக்கா, இது நெசமாவே நல்லதா?” என்கிறாள்.

கடை வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் கடையிலாவது உங்கள் பேச்சு எடுபடுகிறதா?