வலப்பக்கம் சாய்ந்த கூனன்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதரை வேலையிடத்தில் ‘பெட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். “வாரம் பூரா பெட்டிக்குள்ள இவரு, ஞாயித்துக்கிழமை ஆனா இவரு கழுத்துல ஒரு பெட்டி” என்று கேலி வேறு. கழுத்தில் தொங்கியது ஒரு பழைய மீடியம் ஃபார்மட் கேமரா. ஒரு ஃபிலிம் ரோலுக்குப் பன்னிரண்டே படம். கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டால் ஆள் நழுவிவிடுவார். மரம், பூ, ஓடை, மூடுபனி, அவ்வளவுதான். “மனுஷங்களை எடுத்தா, நல்லா வரலன்னு சண்டைக்கு வராங்க. மரம் வருமா?” என்பார்.

காட்டுக்கு அவரோடு போகிற ஒரே ஆள் அவருடைய அக்கா. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடி வரவில்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி உறவுக்காரர்களுக்கே அலுத்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அக்கா கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பாள்.

அந்தக் கேமராவில் மேலேயிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் எதிரே இருப்பதெல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். தம்பி மரத்தடிக்குப் போய்க் காய்ந்த குச்சிகளை அகற்றுவார்; அக்கா குனிந்து பார்த்தபடி அதிகாரம் செய்வாள். “இடது பக்கம் போடா! ஐயோ, அந்த இடது இல்ல, பெட்டிக்குள்ள இருக்கிற இடது!” ஒருநாள் அவள் பேச்சைக் கேட்டு நடந்து ஓடைக்குள்ளேயே விழுந்தார். அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்டாண்டே ஆடியது. அன்று ஒரு படமும் உருப்படவில்லை.

காட்டில் அவர்களுக்கென்று ஒரு மரம் இருந்தது. இடப்பக்கம் முதுகு வளைந்து, வயிற்றில் ஒரு பொந்தோடு, ஓடைக்கரையில் நிற்கும். அக்கா அதற்குக் கூனன் என்று பெயர் வைத்திருந்தாள். போகும்போதெல்லாம் கூனனுக்கு ஒரு படம் உண்டு.

அப்புறம் அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர் வந்து காலை மடக்கி நீட்டும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். கண்ணில் தண்ணீர் கொட்டும். ஆனாலும் “இன்னொரு தடவை” என்பாள். “இந்தக் காலோட போயி கூனன் அடியில நிக்கணும். அதுக்குத்தான் இந்தப் பாடு.”

கூனன் எங்கே இருந்தான்? அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே ரோடு போடுவதற்காகக் காட்டை வழித்தெடுத்துவிட்டார்கள். தம்பி போய்ப் பார்த்தபோது ஓடை இருந்த இடத்தில் ஜல்லி குவிந்திருந்தது. எது கூனனின் அடிக்கட்டை என்றுகூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டாள்: “கூனன் எப்படிடா இருக்கான்?”

“இருக்கான்க்கா.”

வாயிலிருந்து வந்துவிட்டது. மனிதர் பொய் சொல்லிப் பழகாத ஆள்; பழகாதவர்கள் ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்புவார். அதில் ஃபிலிம் இருக்காது. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, வழியில் வீடு கட்டுகிற இடத்துச் சேற்றில் செருப்பைத் தோய்த்துக்கொண்டு திரும்புவார். முன்பு எடுத்து, பிரிண்ட் போடாமல் விட்டிருந்த நெகட்டிவ்களைக் குளியலறைச் சிவப்பு விளக்கில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, புதுப்படம் என்று அக்காவின் கட்டிலுக்கு எதிரே மாட்டுவார். அவள் அதைப் பார்த்தபடியே காலை நீட்டுவாள். வாக்கரைப் பிடித்துக் கதவுவரை நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் கூனனின் நெகட்டிவ்கள் தீர்ந்துபோயின. “என்னடா, கூனனைக் காணோம்? பூவா எடுத்துட்டு வர்ற?” என்று அக்கா நச்சரித்தாள். வேறு வழி தெரியாமல், அவள் ஏற்கெனவே பார்த்த ஒரு நெகட்டிவையே புரட்டிப் போட்டுப் பிரிண்ட் எடுத்தார். கூனன் வலப்பக்கம் சாய்ந்திருந்தான். நல்ல யோசனை என்றுதான் மனிதருக்குத் தோன்றியது, பாவம்.

“அந்தப் பக்கம் போய் எடுத்தேன்க்கா” என்று மாட்டினார்.

அக்கா பார்த்தாள். “கழட்டிக் கொண்டா” என்றாள். மடியில் வைத்துக் கேமராவுக்குள் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தாள்.

“அந்தப் பக்கத்துலேருந்து பார்த்தா பொந்து எப்படிடா தெரியும்? இது பெட்டிக்குள்ள தெரியற கூனன். எத்தனை வருஷம் இப்படிப் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா?”

தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“புதுசா எடுக்க மரம் இருந்தா, நீ ஏன் பழசைப் புரட்டப் போற? எப்படா வெட்டினாங்க?”

“நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே, அக்கா.” அந்த வயதில், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதார்.

திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் அவர் தலையில் கை வைத்து, “அங்க தனியாவாடா போய் நின்ன? என்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேரும் அழுதிருக்கலாம்ல?” என்றாள். கொஞ்சம் கழித்து, “இனிமே ஞாயித்துக்கிழமை எங்கேயும் போக வேண்டாம். இங்கயே இரு” என்றாள்.

மறுநாள் பயிற்சிக்காரர் வந்தார். வழக்கம்போல் வாக்கரைக் கட்டிலருகே நகர்த்தி, “எழுந்திருங்கம்மா. இன்னிக்குப் படி வரைக்கும் போயிடலாம். கால் நல்லா தேறியிருக்கு” என்றார்.

அக்கா அந்தப் பிரிண்டைத் தலையணைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேண்டாங்க, வாக்கரை எடுத்துட்டுப் போயிடுங்க” என்றாள். “கால் வந்து என்ன பண்றது? போறதுக்கு இடமில்ல.”