அக்கா மடியில் என் இடது கால்

ஒற்றைச் செருப்போடு பஸ்ஸிலிருந்து இறங்கி டீக்கடை வரைக்கும் நடந்திருக்கிறேன். இன்னொன்று படிக்கட்டிலேயே கிடந்திருக்கிறது. பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்த பூக்கார அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற கண்டக்டர் நான். எனக்கே இந்தக் கதி.

பல வருஷச் சர்க்கரை. பாதம் மரத்துக்கொண்டே வந்தது, கூடவே எரிச்சல். அது போதாதென்று, திண்டுக்கல்லுக்கும் சேவுகம்பட்டிக்கும் நின்றே போய்வந்ததில் இடது கெண்டைக்காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுவிட்டது. வெரிகோஸ். லேசரால் சுட்டு அடைத்துவிடலாமாம். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அதுவரை நிற்க வேண்டுமே என்று ஆசையாகத்தான் போனேன்.

டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். தொடுவது தெரிந்தால் 'ஆமா' சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் லேசர் கிடையாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, ஒரு குத்துமதிப்பாக 'ஆமா' போட்டுக்கொண்டே வந்தேன். நாலாவது 'ஆமா'வில் அவர், "இப்ப நான் தொடவே இல்லையே சார்" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பிறகு நான் விடவில்லை, கேள்வி மேல் கேள்வி. முழங்காலுக்குக் கீழே அந்த ரத்தக்குழாயை ஒட்டியே நரம்பும் ஓடுகிறதாம். சூடு அதில் பட்டாலும் படலாம். ஏற்கெனவே மரத்த காலில் புதுச் சேதம் எது, பழசு எது என்று பிரிப்பது கஷ்டம். கனமும் வீக்கமும் குறையும், எரிச்சல் குறையாது, அது சர்க்கரையின் வேலை என்றார். அப்புறம், லேசருக்குப் பின் போட வேண்டிய இறுக்கமான காலுறை. மடிப்பு விழுந்து அறுத்தாலும் எனக்குத் தெரியாது. புண் முற்றினால் பாதமே போகலாம். சரி, வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றால், கணுக்கால் தோல் கறுத்து வருகிறதே, அங்கேயும் புண் வருமாம்.

"தினமும் உங்க பாதத்தைப் பாக்க வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார்.

அந்த வாரம் டிப்போவில் காலைப் பெஞ்சில் தூக்கிவைத்துச் சோதித்துப் பார்த்தேன். அரை மணியில் கனம் இறங்கியது, எரிச்சல் அசையவில்லை. அட, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் டிரைவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். பாதத்தை யார் பார்ப்பது என்று டாக்டரம்மா கேட்டதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மனைவி போன பிறகு வீட்டில் அக்காவும் நானும்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். அவளிடம் காலை நீட்டிப் பார்க்கச் சொல்வதா? டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிவிட்டு, கண்ணாடி வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஏலே, செருப்புப் போனதே தெரியாதவன் நீ. கொண்டா காலை."

தரையில் உட்கார்ந்து, என் இடது காலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கூச்சம், கோபம் இரண்டும். அவள் பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குதிகாலைக் கிளறினாள். ஒரு கருவேல முள், சீழோடு வந்தது. எத்தனை நாளாக அதை மிதித்துக்கொண்டு டிக்கெட் கொடுத்தேனோ தெரியாது.

"இம்புட்டு முள்ளு... வலிக்கலையாலே?"

எனக்கு வலிக்கவில்லை. அவள் முகத்தில்தான் அந்த வலியைப் பார்த்தேன். அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

முள் குத்திய புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அக்கா அதோடு தன் பங்குக்கும் ஒரு நிபந்தனை வைத்தாள். ஒரு மாசம் நான் ஒழுங்காகக் காலைக் காட்டினால்தான் லேசர் பேச்சே.

தினமும் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும் முன் அவள் மடியில் கால். பாதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் கண்ணை மூடச் சொல்லி விளக்குமாற்றுக் குச்சியால் தொடுவாள். முதல் நாள் பழக்கதோஷத்தில் 'ஆமா' என்றேன். அவள் நம்பவில்லை, காலையும் விடவில்லை.

செத்த நேரம் கழித்து, "தெரியலக்கா" என்றேன்.

"குச்சியப் பெருவிரல்ல வச்சிருக்கேன்" என்றாள்.