பால் வண்டி ரோடு

எந்த ரோட்டில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்த மரப்பாலம் பாரம் தாங்காது, எந்தப் பண்ணைக்காரர் வாசற்கதவைச் சாத்தாமல் கன்றுகளை ரோட்டில் விட்டிருப்பார், இதையெல்லாம் மெரின் டல்லக்கிடம் கேட்கலாம். பதினொரு வருடமாகத் தெற்கு கிப்ஸ்லாந்து மலைகளுக்குள் பால் டேங்கர் ஓட்டுகிறவள் அவள். பொழுது விடியுமுன் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை டேங்கருக்குள் உறிஞ்சி ஏற்றிக்கொண்டு ஆலைக்குத் திரும்புவாள். எந்தப் பண்ணைக்குப் பிறகு எந்தப் பண்ணை என்பதை ஆலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் முடிவு செய்து அனுப்பிவிடுவார். போட்ட வழியில் போவதுதான் அவள் வேலை. அழகான ரோடு எது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

கேட்டது கிளைவ் ஹார்கின்தான். மெரினும் சேர்ந்திருக்கிற, அந்தப் பக்கத்து மோட்டார்சைக்கிள் கிளப்புக்கு ரைடு கேப்டன். மாதத்தில் ஒரு ஞாயிறு, மலைக்குள் எங்கே போவது, எங்கே சாப்பிடுவது என்று வழி போடுகிறவர், முன்னால் போகிறவர். குளிர் தாங்கவில்லை என்று மனைவியோடு வடக்கே, வெயிலான குவீன்ஸ்லாந்துக்குக் குடிபோகிறார்.

"மார்ச் மாச ரைடுக்கு நீ வழி போடு. சாப்பாட்டு நேரத்துல கை தூக்கச் சொல்றேன். அவங்களுக்குப் பிடிச்சிருந்தா ஈஸ்டர் உன்னோடது" என்றார்.

ஈஸ்டர் என்றால் மூன்று நாள், அந்த நாட்டிலேயே ஆல்ப்ஸ் என்று பேர் வைத்த மலைக்கு மேலே. வருடத்தின் பெரிய ரைடு அதுதான். மெரின் உடனே சரி என்றாள். அதை ஏன் அவ்வளவு வேண்டும் என்று நினைக்கிறோம் என்பதுதான் வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்கு விளங்கவில்லை. வேறு யாரோ போட்ட வழியிலேயே ஓட்டி ஓட்டி, ஒரு தடவையாவது தான் போட்ட வழியில் இருபது பேர் வர வேண்டும் என்று இருந்திருக்கலாம். அப்படிச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் முழுக்கச் சரியாகப் படவில்லை.

வழி போட உட்கார்ந்ததும் முதலில் செய்தது, தன் டேங்கர் போகிற ரோடுகளை எல்லாம் ஒதுக்கியதுதான். அவளுடைய சிநேகிதி நோலீன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அதே கிளப்பில் இருக்கிறவள், சமையலறை மேசைக்கு எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"பார்ட்ராம் ரோடு வளைஞ்சு வளைஞ்சுதானே போகும்? அதை ஏன் விட்டுட்டே?"

"அது வேலை."

"வேலையா? ரோடுடி அது."

"சாணி ரோடு. வெர்னா டோஷர் மாடு தாண்டுற இடம். அங்கே போய் என்னத்தப் பாக்கறது?"

போனில் வளைவு அதிகமான ரோடுகளைச் சிவப்பாகக் காட்டும் வரைபடம் ஒன்று இருந்தது. சிவப்பு எங்கே அடர்த்தியோ அங்கே விரலை வைத்தாள். போனவர்கள் எழுதியதைப் படித்தாள். மலையுச்சியை ஒட்டிப் போகும் ஒரு ரோட்டைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: வானுயர்ந்த மரங்கள், ஆளுயரத்துக்குப் பெரணிகள், மூச்சடைக்கும் அழகு. சனிக்கிழமைகளில் தனியாகப் போய் ஓட்டிப் பார்த்தாள். மரங்கள் உயரம்தான். பெரணியும் பெரிதுதான். மூச்சு ஒழுங்காகத்தான் வந்தது. குறை தன்னிடம் இருக்கும் என்று நினைத்து அந்த ரோட்டையே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொரம்பரா ஊர் பேக்கரி வாசலில் எல்லோரும் இறைச்சி பஃப்ஸும் காப்பியுமாக நின்றபோது, விதியைச் சொன்னாள். திரும்ப வேண்டிய இடம் வந்தால் தனக்கு அடுத்து வருகிறவரை மூலையில் நிறுத்திவிட்டுப் போவாள். நிற்கிறவர் மற்றவர்களுக்குக் கை காட்ட வேண்டும். கடைசி ஆள் வந்த பிறகுதான் மூலையை விடலாம். மூலையில் ஆள் இல்லையென்றால் திரும்பாமல் நேரே போக வேண்டும்.

"இன்னிக்குக் கடைசி ஆள், அதாவது வால், நோலீன். மஞ்சக் கோட்டு போட்டிருப்பா. மஞ்சக் கோட்டைப் பாக்காம யாரும் மூலைய விட்டு நகரக் கூடாது."

"நகர்ந்தா?" என்று கேட்டார் ஃபெர்கஸ் லாய்ட். மெல்போர்னிலிருந்து வந்த பல் மருத்துவர், கிளப்புக்குப் புதுசு. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி வைத்த, எல்லோருடையதையும்விட விலையுயர்ந்த வண்டி.

"நகர்ந்தா எல்லாருக்கும் பல்லு இலவசமா பாத்துவிடணும்" என்றாள் நோலீன்.

அப்படித்தான் கிளம்பினார்கள். பார்ட்ராம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் இடப்பக்கம் ஏறுவதுதான் உச்சி ரோடு. மெரினுக்கு அடுத்து வந்தது ஃபெர்கஸ். மூலையைக் காட்டிவிட்டு அவள் ஏறிப் போனாள்.

ஈர மரப்பட்டைகள் உரிந்து ரோடெல்லாம் கிடந்தன. பின்னால் வந்தவர்கள் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தார்கள். ஃபாஸ்டர் ஊரில் பப் வாசலில் இறங்கியதும், "எப்படி?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஒருவர். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிய விதத்தைப் பார்த்தே, பிடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகுதான் எண்ணிப் பார்த்தாள். பாதிப் பேர்தான் இருந்தார்கள். ஃபெர்கஸ் இருந்தார். நோலீன் இல்லை.

"ஃபெர்கஸ், வால் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சே. மஞ்சக் கோட்டு. என்னைத் தாண்டி நேரா போச்சு. நான் உடனே கிளம்பி உங்க பின்னாடி வந்துட்டேன்."

"நேராவா? எந்த வண்டியில?"

"சின்ன வண்டி. சிவப்பு. பின்னாடி நாய் உக்காந்திருந்துச்சு."

கிளைவ் குடித்துக்கொண்டிருந்த எலுமிச்சைச் சாறு மூக்கில் ஏறிவிட்டது.

"ஏம்ப்பா, நோலீன் எப்ப நாய் வாங்கினா?"

"எனக்கென்ன தெரியும்? இந்தப் பக்கமெல்லாம் கூட்டிட்டு வருவாங்களோன்னு நினைச்சேன்."

மாடு ஓட்டப் போன யாரோ பண்ணைக்காரர். மெரின் சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்த மலைகளில் பால் கறக்கிற அத்தனை பேரும் மஞ்சள் கோட்டுதான். தினமும் காலையில் அவள் முகம் பார்க்கிற எல்லோரும் மஞ்சள் கோட்டு. வேறு யார் இந்தத் தப்பைச் செய்தாலும் மன்னிக்கலாம், அவள் செய்யலாமா? மிச்சப் பேர் மூலையில் ஆள் இல்லாததைப் பார்த்து, விதிப்படி நேரே போயிருப்பார்கள். நேரே என்றால் பார்ட்ராம் ரோடு. முழுக்கச் சாணி. டோஷர் வீட்டு மாடுகள். ஈஸ்டர் போயிற்று என்று நினைத்தாள்.

அவர்கள் வந்தார்கள். வண்டியை நிறுத்தும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு, பூட்ஸெல்லாம் பச்சைச் சாணி, முகமெல்லாம் பல்லாக வந்தார்கள். நோலீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து கட்டிக்கொண்டாள்.

"அடிப்பாவி, வேலை வேலைன்னு எங்கிட்டயே மறைச்சு வெச்சியே. என்ன ரோடு!"

"நோலீன், நான்..."

"மேட்டை வெட்டி ரோடு போட்ட ஒரு வெட்டு வருது பாரு, அதைத் தாண்டித் திரும்பினதும், யாரும் சொல்லாமலே எல்லாரும் மெதுவாயிட்டோம்."

உள்ளே தட்டுகள் வந்தன. சீஸ் உருக்கி ஊற்றிய பொரித்த கோழி பார்மாவும் சிப்ஸும். ஒரு மேசையில் சிரிப்பு, மறு மேசையில் தலைகுனிந்து சாப்பிடுகிற சத்தம். கை தூக்கச் சொல்லக் கிளைவ் எழுந்தபோது மெரினும் எழுந்துவிட்டாள்.

"அந்த ரோட்டை நான் போடலை."

"பாருடா, அடக்கத்தை" என்றார் யாரோ.

"அடக்கம் இல்ல. நான் போட்டது இவங்க போன ரோடு" என்று தலைகுனிந்த மேசையைக் காட்டினாள். "நீங்க போனது தப்பான ரோடு. அது பால் வண்டி ரோடு. தினம் போறேன். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

சிரிப்பு நின்றது. ஃபெர்கஸ் காது சிவக்க எழுந்து நாய்க் கதையைச் சொன்னார். மறுபடி சிரிப்பு. அது அடங்கியதும் கிளைவ் தலையைச் சொறிந்தார்.

"சரி, இப்ப எதுக்குக் கை தூக்கறதுன்னே தெரியல. பாதிப் பேரைத் தொலைச்சுட்டா. தொலைஞ்சவங்கதான் சந்தோஷமா இருக்காங்க. தூக்கறவங்க தூக்குங்க."

தொலைந்தவர்கள் எல்லோரும் தூக்கினார்கள். ஃபெர்கஸ் இரண்டு கையையும் தூக்கினார். தலைகுனிந்த மேசையிலும் இரண்டு மூன்று கைகள் மெல்ல எழுந்தன.

"ஈஸ்டர் உன்னோடது, மெரின்" என்றார் கிளைவ்.

"எதுக்காக?" என்று கேட்டாள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்வதாகச் சொன்னாள். வேண்டும் வேண்டும் என்று கிடந்தவள், கையில் கொடுத்ததும் யோசிக்கிறாளே என்று நோலீன் வாயைத் திறந்து பார்த்தாள்.

தெரியாத ஒன்றுக்காகக் கொடுத்ததை எப்படி வாங்கிக்கொள்வது? நெடுஞ்சாலையில் சுற்றிப் போய், அந்த மூலையிலிருந்து, அவர்கள் போன திசையிலேயே ஓட்டினாள். டேங்கர் எப்போதும் எதிர்ப்பக்கமிருந்து வரும். இப்படித் திரும்பிப் போனதே இல்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வாசல்கள், பால் அறைகள், உடைந்த தபால் பெட்டி. பிறகு ரோட்டுக்காக மண்ணை வெட்டிய ஒரு வெட்டு வந்தது. தாண்டித் திரும்பினாள். கை தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டது.

எதிரே ஒரு மொட்டை மலை. கோடையில் காய்ந்து பழுப்பேறியிருந்தது. நூறு வருட மாடுகள் நடந்து நடந்து, அதன் முதுகில் படிப்படியாகக் கோடுகள். சாய்ந்து விழுந்த வெயிலில் ஒவ்வொரு கோட்டுக்கும் அடியில் ஒரு நிழல். கறவைக்குப் போகும் மாடுகள் அந்தக் கோடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. வண்டியை நிறுத்தி இறங்கினாள்.

பண்ணையில் ஓட்டும் நாலு சக்கர பைக்கில் வெர்னா டோஷர் வந்து சேர்ந்தாள்.

"என்ன மெரின், பாலு கெட்டுப் போச்சா?"

"இல்ல. சும்மா நின்னேன்."

"ஞாயித்துக்கிழமையில சும்மா நிக்க எங்க வாசல்தான் கிடைச்சுதா? டேங்கர்ல ஏதாவது தப்பா?"

"தப்பு ஒண்ணும் இல்ல. அந்த மலையைப் பாத்தேன்."

வெர்னாவும் பார்த்தாள். "அதையா? டிராக்டர் கூட ஏறாது. என் வீட்டுக்காரர் ஒரு தடவை உருண்டாரு." இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு மாடுகளின் பின்னால் போய்விட்டாள்.

மெரின் நோலீனுக்குப் போன் செய்தாள்.

"அந்த வளைவுலதான் நிக்கறேன். நீ சொன்னது இப்பத்தான் புரியுது."

"கண்ணை எடுக்க முடியலைல்ல? அதுவும் கடல்!"

"கடலா?"

"எங்கடி நிக்கறே?"

"டோஷர் வாசலுக்கு மேல. வெட்டு தாண்டி."

"அடச்சீ, அது இல்ல. அது முதல் வெட்டு. இன்னும் கீழ போ. ரெண்டாவது வெட்டு தாண்டினா புரோம் மலை முழுக்க நிக்கும், கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு. அதைத்தான் சொன்னேன். டோஷர் வாசல்ல நாங்க யாரும் நிக்கவே இல்லையே. அங்க என்ன இருக்கு?"

மெரின் மலையைப் பார்த்தாள். வெயில் இறங்க இறங்கக் கோடுகள் கறுத்துக்கொண்டே வந்தன. யாரும் எழுதவில்லை. யாரும் சொல்லவில்லை. சொன்ன ஒருத்தியும் இதைச் சொல்லவில்லை. அப்படியானால் இங்கே எதற்காக இறங்கினாள்?

"தெரியல" என்றாள். "மாட்டுத் தடம்."

"மாட்டுத் தடமா?"

"கிளைவ்கிட்ட சொல்லிடு. ஈஸ்டருக்கு நான் வழி போடறேன்."

"போடு. ஆனா ஆல்ப்ஸ்ல போய் மாட்டுத் தடத்தைக் காட்டிடாதே. அப்புறம் உன்னைக் கொன்னுடுவாங்க."

"காட்டுவேனா மாட்டேனான்னு இப்ப தெரியல, நோலீன்."

"கடலைப் பாத்துட்டாவது வா."

"ம்" என்றாள் மெரின். கடைசி மாடு மலையைச் சுற்றி மறையும் வரை அங்கேயேதான் நின்றாள்.