ஆனி போட்ட வரிசை

ஆனி வேலை மாறிப் போகிறாள், பிரிவுபசார மலருக்கு அவளைப் பற்றி நாலு வரி எழுது என்றார்கள். எழுதுகிறேன். பொறாமை இல்லாமல் எழுத எனக்கு வராது.

எண்பத்து நாலில் சிங்கப்பூர் ஜூரோங்கில் எங்கள் கப்பல் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரே பெட்டி, ஐந்து பிரிவுகள். ஸ்டோரில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஹெட் கிளார்க் பதவி இந்த இஞ்ஞாசிக்குத்தான் என்று, நான் குடியிருந்த பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அப்போது வந்து சேர்ந்தாள் ஆனி. ஆறு மாத சர்வீஸ்கூட ஆகவில்லை, அந்த ஒரே பெட்டியை ஐந்தாகப் பிரித்துவிட்டாள். எந்தப் பிரிவின் பெயரை அடிக்கிறோமோ அந்தப் பிரிவின் பக்கம் மட்டும் திறக்கும். மேனேஜர் வாய் நிறையப் பாராட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

பெயர்ப் பட்டியலைத் திருத்த எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். திறந்து பார்த்தால் முதல் பெயர் கேண்டீன், கடைசிப் பெயர் ஸ்டோர்! கேண்டீனில் வறுக்கிற மீ கோரெங் நூடுல்ஸுக்குக் கீழேயா நான்? அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டோரைத் தூக்கி உச்சியில் வைத்தேன். கையோடு மேனேஜருக்கு ஒரு கடிதமும் அடித்து, அவர் தினமும் திறந்து பார்க்கும் ஸ்டோர் பக்கத்தில் போட்டுவைத்தேன். 'ஆனி கத்துக்குட்டி, அவளை நம்பி ஹெட் பதவி கொடுக்க முடியாது.'

மறுநாள் பெயிண்ட் பிரிவு புதிதாகத் தொடங்கியது. அதற்குப் பொறுப்பாக வந்த மாணிக்கம் பிரிவின் பெயரை அடித்தார். அந்தப் பெயர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. தெரியாத பெயர் வந்தால் பட்டியலில் முதலில் இருப்பதை அந்தப் பெட்டி திறந்து காட்டுமாம். நான் என்னத்தைக் கண்டேன்? மாணிக்கம் என் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். ஆனி அவர் பக்கத்திலேயே நின்றாள்.

"தெரியாத ஆளு வந்தா சாப்பாட்டு லிஸ்ட் மட்டும் தெரியட்டும்னுதான் கேண்டீனை மேல வச்சேன் லா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். மேனேஜர் வருவதற்குள் கடிதத்தை அழித்தாள். மாணிக்கத்திடம் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாள். பதவி அவளுக்கே போனது. ஐந்து வருஷம் எனக்கு மேலே இருந்தாள், ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டவில்லை.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி மனசு ஆறியிருப்பேன். மன்னித்துத் தொலைத்தாள். அதிலும் என்னை முந்திக்கொண்டாள்.