பட்டமளிப்பு விழாவில் பூமழை

பல்கலைக்கழக வேந்தர் பட்டமளிப்பு மேடையிலேயே அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டாராம். பாடாலூர் டீக்கடையில் இப்படித்தான் பேச்சு. சொன்னவர் பார்க்கவில்லை, அவருடைய மச்சினர் செல்போனில் பார்த்தாராம். பூமழையே பொழிந்ததாம்.

கல்யாணம் பொய். பூமழை உண்மை. பொழிய வைத்தவர் பெரம்பலூர் கொளஞ்சி.

கொளஞ்சி கல்யாண வீடியோக்காரர். இரண்டு கேமரா, படத்தை மாற்றிக் காட்டச் சின்ன மிக்ஸர், நெட்டுக்கு ஒரு டாங்கிள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். பெட்டியை எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு போய் இறங்கினாரென்றால், சற்று நேரத்தில் அரியலூர் மண்டபம் அபுதாபியில் தெரியும். அந்தப் பேரைக் கேட்டுத்தான் பல்கலைக்கழகமும் அவரைக் கூப்பிட்டது.

பதிவாளர் பாலசுந்தரம் போன வருஷமே கட்டளை போட்டுவிட்டார்.

"வேந்தர் மொகம் ஸ்கிரீன வுட்டுப் போவவே கூடாது, கொளஞ்சி."

"பட்டம் வாங்குற புள்ளைங்க சார்?"

"கை தெரியுதுல்ல? போதும்."

அப்படியே நடந்தது. வெளிநாடுகளில் கண் விழித்துக் காத்திருந்த பெற்றோர், வளையல் போட்ட கை, வாட்ச் கட்டிய கை என்று பார்த்துத் தங்கள் பிள்ளையை ஊகித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு அம்மா, அடுத்த வீட்டுப் பையன் கையைப் பார்த்து அழுது தீர்த்தாராம்.

இந்த வருஷம் கொளஞ்சியின் அண்ணன் மகள் வேணிக்குப் பட்டம். அண்ணன் முத்துவேல் கத்தாரில், லீவு கிடைக்கவில்லை. முதல் நாளே போன் வந்தது.

"ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்டா தம்பி. புள்ள மொகத்தக் காட்டிப்புடு. கையக் காட்டி ஏமாத்திப்புடாத."

"என்னண்ணே, கேமரா நம்மளுது. காட்டாம வுடுவனா?"

வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் விழாவன்று பதிவாளர் மிக்ஸருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வேந்தர் தண்ணீர் குடித்தார், உலகம் பார்த்தது. தும்மினார், அதையும் பார்த்தது.

வேணி மேடையேறினாள். வேந்தரை விட்டால் வேலை போகும். வேணியை விட்டால் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது. இரண்டு முகத்தையும் ஒன்றாகக் காட்டக் கொளஞ்சிக்குப் பழகிய பட்டன் ஒன்றுதான். தாலி கட்டும் நேரத்தில் தட்டித் தட்டித் தேய்ந்துபோன பட்டன். விரல் தானாக அதில் போய் விழுந்தது.

திரையில் பெரிய இதயம் விரிந்தது. ஒரு பாதியில் வேந்தர், மறு பாதியில் வேணி. மேலேயிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. கூடவே கெட்டிமேளம். அரங்கத்தின் பெரிய திரையைப் பார்த்து மாணவர்கள் விசிலடித்தார்கள்.

"யோவ்! என்னய்யா பண்ற? வேந்தர் பாக்கறாருய்யா!" பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

வேந்தர் பார்த்தார்தான். தன்மேல் பூ விழுவதைப் பார்த்தார். எழுந்து நின்று திரைக்கே ஒரு கும்பிடு போட்டார். பிறகு பதிவாளருக்கு ஆள் அனுப்பினார்.

ஆள் வந்து சொன்னதைக் கேட்ட பதிவாளர், கொளஞ்சி பக்கம் திரும்பினார்.

"மேளத்த மட்டும் நிறுத்திடுங்க. பூ இருக்கட்டும். கடைசிப் புள்ள வரைக்கும் இருக்கட்டும்னு ஐயா சொல்றாங்க." 'யோவ்' எங்கோ போய்விட்டிருந்தது.

ஆக, அன்று பட்டம் வாங்கிய அத்தனை பேருக்கும் முகம் கிடைத்தது. எல்லாரும் வேந்தரோடு ஒரே இதயத்துக்குள்தான்.

மிக்ஸர் மேல் வைத்திருந்த செல்போன் அதிர்ந்து நகர்ந்தது. 'கத்தார் அண்ணன்.' ரூமில் அத்தனை பேரோடும் உட்கார்ந்து பார்த்திருப்பார். மகளின் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் வரும் போனா, வேந்தரோடு இதயத்துக்குள் பார்த்த கோபத்தில் வரும் போனா?

கொளஞ்சி விரலைப் பூ பட்டனிலிருந்து எடுக்கவில்லை. போன் நின்றது. மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.